பந்தலும் கால்களும்: சியோலில் ஐந்து நாட்கள்

முதல் நாள், நவம்பர் 2

சியோல் சுரங்க ரயிலின் 3ஆம் தடத்தில் தோங்னிம்முன் நிலையத்தில் இறங்கிப் படியேறினால், வாகன இரைச்சலுக்கு நடுவே சாம்பல் நிறக் கருங்கல் வளைவு ஒன்று கண்ணில் படும். நிலையத்துக்குப் பெயர் தந்ததே அந்த வளைவுதான். தமிழில் சொன்னால் அது 'சுதந்திர வாயில்'. பாரிஸ் நகரத்து வெற்றி வளைவை முன்மாதிரியாக வைத்துச் சுமார் 1,850 கற்களால் கட்டப்பட்டது என்றாலும், உயரம் 14 மீட்டருக்குச் சற்றே கூடுதல்தான். பாரிஸ் வளைவில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தபோது, 1896-ல் தொடங்கிய ஒரு சங்கத்தின் கதையைத் தேடி இவ்வளவு தூரம் வந்தது வீண்போகாது என்று மனம் சொன்னது.

இந்தப் பயணத்துக்கு நவம்பர் முதல் வாரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1898 நவம்பர் 5 அன்று, சுதந்திரச் சங்கம் என்ற மக்கள் அமைப்பு, அரசின் ஆலோசனை மன்றத்தில் பாதி இடங்களுக்குத் தன் உறுப்பினர்களை வாக்களித்துத் தேர்ந்தெடுக்க இருந்தது. கொரிய மண்ணில் அதற்கு முன் அப்படி ஒன்று நடந்ததில்லை. அன்றும் நடக்கவில்லை. நடக்கவிடாமல் செய்த இரவையும், அதற்கு முன்னும் பின்னும் இந்த நகரத்தின் தெருக்களில் நின்றவர்களையும் அந்தந்த இடத்துக்கே போய் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

புதிதாக வருபவர்கள் இந்த வாயிலை ஜப்பானிடமிருந்து பெற்ற விடுதலையின் சின்னம் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். அதே பூங்காவில், ஜப்பானியர் 1908-ல் திறந்த சொதேமுன் சிறையின் செங்கல் மதிலும் இருப்பதால் அந்த எண்ணம் இயல்பாகவே வந்துவிடுகிறது. ஆனால் வாயில் கட்டி முடிக்கப்பட்டது 1897-ல். ஜப்பான் கொரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது 1910-ல். இந்தக் கல்லில் பொறித்த 'சுதந்திரம்' என்ற சொல் முதலில் சீனாவை நோக்கிச் சொல்லப்பட்டது.

வாயிலுக்கு முன்னால் நிற்கும் இரண்டு கல்தூண்களைப் பார்த்தால் இது விளங்கும். அவை யொங்ஊன்முன் என்ற பழைய வாயிலின் மிச்சம். 'அருளை வரவேற்கும் வாயில்' என்பது அதன் பொருள். சீனப் பேரரசரின் தூதர் வடக்கே முவாக்ஜே கணவாயைக் கடந்து வரும்போது, ஜோசொன் என்று அழைக்கப்பட்ட அன்றைய கொரியாவின் மன்னர் நகர மதிலுக்கு வெளியே இவ்விடம் வரை வந்து எதிர்கொண்டழைப்பது வழக்கமாக இருந்தது. 1894-ல் சீனாவும் ஜப்பானும் கொரிய மண்ணிலேயே மோதின. தோற்ற சீனா, 1895 ஏப்ரலில் கையெழுத்தான ஷிமோனோசெகி உடன்படிக்கையின் முதல் பிரிவிலேயே கொரியாவின் முழுச் சுதந்திரத்தை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு பழைய வாயில் இடிக்கப்பட்டது. தூண்களை மட்டும் விட்டுவைத்தார்கள். எதை விட்டு எழுந்து நின்றோம் என்பதைப் பின்வருபவர் காண, இவற்றைவிடத் தெளிவான சான்று வேறு இருக்க முடியாது.

1896 ஜூலை 2 அன்று சுதந்திரச் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் அறிவிக்கப்பட்ட வேலை மிகச் சிறியது: அந்த இடத்தில் ஒரு புதிய வாயில், தூதர்கள் தங்கிய பழைய மாளிகையைச் சீரமைத்து ஒரு சுதந்திர மண்டபம், சுற்றிலும் ஒரு பூங்கா. நன்கொடை தருபவர் எவரும் உறுப்பினராகலாம் என்ற விதிதான் அதன் பிற்கால வரலாற்றையே தீர்மானித்தது என்று நினைக்கிறேன். பட்டத்து இளவரசரும் கொடுத்தார். பெயர் தெரியாத எளியவர்களும் கொடுத்தார்கள். முதல் தலைவர் ஆன் க்யோங்-சு, செயற்குழுத் தலைவர் யி வான்-யோங் என்று தொடக்கத்தில் பொறுப்புகளில் இருந்தவர்கள் உயர் அதிகாரிகளே. 1896 நவம்பர் 21 அன்று அடிக்கல் நாட்டு விழாவில் பள்ளி மாணவர்கள் பாடினார்கள். ஓராண்டில் வேலை முடிந்தது. ஒரு முகத்தில் கொரியரின் சொந்த எழுத்தான ஹங்குலிலும் மறுமுகத்தில் சீன எழுத்திலும் வாயிலின் பெயரைப் பொறித்து, இருபுறமும் நாட்டுக்கொடியைச் செதுக்கினார்கள்.

வாயில் இப்போது நிற்பது அதன் பழைய இடத்தில் அல்ல. மேம்பாலச் சாலைக்கு வழிவிடுவதற்காக 1979-ல் சுமார் 70 மீட்டர் தள்ளிக் கல் கல்லாகப் பிரித்து மீண்டும் அடுக்கினார்கள். சுதந்திர மண்டபமோ காலனி ஆட்சியில் அழிந்துபோய், 1990-களில் வேறோர் இடத்தில் புதிதாகக் கட்டப்பட்டது. அதனுள் நாட்டுக்காக உயிர் நீத்தவர்களின் பெயர்ப் பலகைகளை வைத்திருக்கிறார்கள். ஜப்பானிய ஆட்சி வாயிலை மட்டும் இடிக்காமல் பழுதுபார்த்தும் வைத்தது. சீனாவை விட்டுக் கொரியா விலகியதைச் சொல்லும் சின்னம் தங்களுக்கு உதவும் என்று அவர்கள் கணக்கிட்டிருக்க வேண்டும்.

மாலையில் பக்கத்திலுள்ள யொங்சொன் சந்தையில் முறுக்கிப் பொரித்துச் சர்க்கரை தூவிய க்வாபேகி வாங்கிக்கொண்டு, திரும்பவும் அந்தத் தூண்களுக்கு அருகில் வந்து இருட்டும் வரை நின்றிருந்தேன்.

இரண்டாம் நாள், நவம்பர் 3

இன்று முழுவதும் ஜொங்தோங். தொக்சுகுங் அரண்மனையின் கல்மதிலை ஒட்டிச் செல்லும் இந்தத் தெருவில் நவம்பரில் கிங்கோ மரங்கள் மஞ்சள் பூத்து நிற்கின்றன. படம் எடுத்துக்கொள்ளும் இளைஞர்களின் கூட்டம் காலையிலேயே தொடங்கிவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அயல்நாட்டுத் தூதரகங்களும், கிறித்தவப் பள்ளிகளும், தேவாலயமும் நெருங்கி நின்ற பகுதி இது. அரசரும் இங்கேதான் அடைக்கலம் புகுந்தார். 1895 அக்டோபர் 8 அன்று அரசி ஜப்பானியர்களால் அரண்மனைக்குள்ளேயே கொல்லப்பட, உயிருக்கு அஞ்சிய அரசர் கோஜோங் 1896 பிப்ரவரி 11 அன்று ரஷ்யத் தூதரகத்துக்குத் தப்பி வந்து, ஓராண்டுக்கும் மேலாக அங்கிருந்தே ஆண்டார். அந்தத் தூதரகத்தின் வெள்ளைக் கோபுரம் ஒன்று மட்டும் கொரியப் போரில் தப்பிப் பிழைத்து, மேட்டின் மீது தனியாக நிற்கிறது. சுதந்திரத்துக்கு வாயில் கட்டத் தீர்மானித்தபோது நாட்டின் அரசர் வேற்று நாட்டின் கூரைக்கடியில் இருந்தார் என்பதை அந்தக் கோபுரத்தடியில் நின்றபோதுதான் முழுதாக உணர்ந்தேன்.

சங்கத்தின் உயிராக இருந்தவர் சோ ஜே-பில். 1884 டிசம்பரில் சீர்திருத்தம் வேண்டி நடந்த அரண்மனைப் புரட்சியில் பங்குகொண்டபோது அவருக்கு வயது 20. மூன்றே நாளில் சீனப் படை அதை நசுக்கியது. அவர் ஜப்பானுக்கும் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் தப்பினார். இங்கே அவருடைய பெற்றோரும் மனைவியும் உயிரிழந்தார்கள், கைக்குழந்தை கவனிப்பாரின்றி இறந்தது. அமெரிக்காவில் உடலுழைப்பு வேலை செய்து படித்து, பிலிப் ஜெய்சன் என்று பெயரை மாற்றிக்கொண்டு, 1890-ல் குடியுரிமையும் 1892-ல் மருத்துவப் பட்டமும் பெற்றார். 1895 இறுதியில் அவர் திரும்பி வந்தபோது, துரோகி என்று ஒருகாலத்தில் தேடிய அதே அரசு ஆலோசகர் பதவி கொடுத்தது. தன் குடும்பம் அழிந்த நகரத்துக்கு ஒருவர் திரும்பி வருவதற்கு எவ்வளவு உறுதி வேண்டும் என்பதை என்னால் அளவிட முடியவில்லை.

அவர் முதலில் செய்தது பத்திரிகை தொடங்கியது. 1896 ஏப்ரல் 7 அன்று 'தோங்னிப் சின்முன்', அதாவது 'சுதந்திரச் செய்தித்தாள்', வெளிவந்தது. கொரியாவில் இன்றும் ஏப்ரல் 7-தான் பத்திரிகை நாள். வாரத்துக்கு மூன்று நாள், நான்கு பக்கம், அவற்றில் மூன்று முழுக்க ஹங்குலில், ஒன்று ஆங்கிலத்தில். படித்தவர்கள் சீன எழுத்தில் மட்டுமே எழுதிய காலத்தில், ஹங்குலைப் பெண்களுக்கும் கீழோருக்கும் உரியதென்று தள்ளிவைத்த காலத்தில், அரசாணையையும் அமைச்சர்களின் நியமனத்தையும் ஊழல் செய்த ஆளுநரின் பெயரையும் அந்த எழுத்தில் அச்சிட்டார்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு அச்சடித்த முதல் கொரியப் பத்திரிகையும் இதுவே. உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்ற வேறுபாடின்றி எல்லோரும் படிக்க வேண்டும், பிரித்து எழுதினால் படிப்பது எளிதாகும் என்று முதல் இதழின் தலையங்கமே காரணம் சொன்னது. மெய்ப்புத் திருத்திய இளைஞர் ஜு சி-க்யொங் பிற்காலத்தில் ஹங்குல் இலக்கணத்துக்கே அடித்தளம் இட்டவர் ஆனார். ஒரு மொழியின் சொற்களுக்கு நடுவே விட்ட வெற்றிடம் அரசியல் செயலாகவும் இருக்க முடியும் என்பது எனக்கு இன்று கிடைத்த பெரிய பாடம்.

பேஜே பள்ளியின் செங்கல் கட்டடம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. அமெரிக்கப் பாதிரியார் அப்பென்செல்லர் 1885-ல் தொடங்கிய பள்ளி அது; இன்றிருக்கும் கட்டடம் 1916-ஐச் சேர்ந்தது. இங்கே சோ ஜே-பில் பாடம் நடத்தினார். 1896 நவம்பர் இறுதியில் மாணவர்கள் ஒரு விவாதச் சங்கம் தொடங்கினார்கள். தலைப்பு ஒன்று, ஆதரித்துப் பேச இருவர், மறுத்துப் பேச இருவர், பின்னர் அவையோரின் கருத்து, கடைசியில் வாக்கெடுப்பு. பெரியவர் பேசும்போது சிறியவர் வாய் திறக்கக் கூடாது என்று வளர்ந்த சமுதாயத்தில், எதிராகப் பேசுவது அவமதிப்பு ஆகாது என்பதை விதி வகுத்துப் பழக்கினார்கள்.

1897 ஆகஸ்ட் 29 முதல் சுதந்திரச் சங்கமும் அதே முறையில் தன் மண்டபத்தில் ஞாயிறுதோறும் விவாதம் நடத்தத் தொடங்கியது. மக்களுக்குக் கல்வி தருவதே நாட்டின் அவசரத் தேவை என்பது முதல் தலைப்பு. திருட்டைத் தடுக்க இரவில் தெருவிளக்கு ஏற்றுவது, ஹங்குலைப் பரப்புவது, மனிதரை விற்பதும் வாங்குவதும் பாவம் என்பது என்று வாரத்துக்கொரு தலைப்பு வந்தது. ஜப்பானிலும் சீனாவிலும் அமெரிக்காவிலும் படித்துத் திரும்பிய யுன் சி-ஹோ, கூட்டம் நடத்துவதற்கான ராபர்ட்டின் விதிகளைக் கொரிய மொழியில் பெயர்த்துக் கொடுத்தார். முன்மொழிவது எப்படி, வழிமொழிவது எப்படி, தோற்ற பக்கம் முடிவை ஏற்பது எப்படி என்பதெல்லாம் அன்று கற்க வேண்டிய புதிய கலை. என்னைக் கேட்டால், கல்வளைவைவிட இந்த ஞாயிற்றுக்கிழமைகளே சங்கத்தின் பெரிய கட்டுமானம். அதிகாரிகளின் நன்கொடைக் குழுவாகத் தொடங்கியதைக் குடிமக்களின் அவையாக மாற்றியது அவைதான்.

மூன்றாம் நாள், நவம்பர் 4

ஜோங்னோ நாற்சந்தியில் போசின்காக் மணிமண்டபத்துக்கு எதிரே காலை முதல் நின்றிருந்தேன். சுற்றிலும் வங்கிகளும் கண்ணாடிக் கோபுரங்களும். 1898-ல் இது நகரத்தின் பெரிய கடைத்தெரு. பட்டு, பருத்தித் துணி, காகிதம், உலர்மீன் என்று அரசு உரிமம் பெற்ற கடைகள் வரிசையாக இருந்தன. வண்டிக்காரரும் விறகு விற்பவரும் துணி வாங்க வந்தவரும் தாமாகவே கூடும் இடம். ஊருக்கு வெளியே இருந்த சுதந்திர மண்டபத்திலிருந்து சங்கம் இங்கே வந்தது ஒரு பெரிய துணிவு.

1898 தொடக்கத்தில் ரஷ்யாவின் பிடி இறுகியிருந்தது. படைப் பயிற்சிக்கு ரஷ்ய அதிகாரிகள், நிதித்துறைக்கு ரஷ்ய ஆலோசகர், தலைநகரில் ரஷ்ய-கொரிய வங்கி. போதாக்குறைக்குப் பூசான் துறைமுகத்துக்கு எதிரிலுள்ள தீவில் கப்பலுக்கான நிலக்கரிக் கிடங்கு அமைக்க இடமும் கேட்டார்கள். மார்ச் 10 அன்று இந்த நாற்சந்தியில் சுமார் 10,000 பேர் கூடினார்கள். சியோலின் மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ 2 லட்சம் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் கூட்டத்தின் பருமன் புரியும். 'மான்மின் கோங்தோங்ஹ்வே', அதாவது பல்லாயிரம் மக்களின் பொதுக்கூட்டம் என்று அதற்குப் பெயர் வந்தது. தலைமை தாங்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஓர் அரிசி வியாபாரி. பேஜே பள்ளியில் படித்த இளைஞர் சிங்மன் ரீ, 50 ஆண்டுகளுக்குப் பின் தென்கொரியாவின் முதல் குடியரசுத் தலைவர் ஆனவர், அன்று பேசியவர்களில் ஒருவர். ஆலோசகரையும் பயிற்சி அதிகாரிகளையும் திருப்பி அனுப்ப வேண்டும் என்று கூட்டம் தீர்மானித்தது. சில நாட்களிலேயே ரஷ்யா அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. மஞ்சூரியாவில் கவனம் செலுத்த விரும்பியது அதற்கு ஒரு காரணம்தான். என்றாலும் தெருவில் கூடி நின்றவர்கள் தங்கள் சொல் எட்ட வேண்டிய இடத்துக்கு எட்டியது என்று நம்பினார்கள், அந்த நம்பிக்கை அடுத்த எட்டு மாதங்களை நடத்திச் சென்றது.

மே மாதம் சோ ஜே-பில் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். பத்திரிகையையும் சங்கத்தையும் யுன் சி-ஹோவும், யி சாங்-ஜேயும், நாம்குங் ஓக்கும் இன்னும் சிலரும் ஏந்திக்கொண்டார்கள். ஜூலையிலிருந்து பத்திரிகை நாளிதழானது. செப்டம்பர் 1 அன்று, இங்கிருந்து நடந்துபோகும் தூரத்திலுள்ள புக்சொன் பகுதிப் பெண்கள், ஆணுக்குள்ள உரிமையும் கல்வியும் பெண்ணுக்கும் வேண்டும் என்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பத்திரிகைகள் அதை முழுமையாக அச்சிட்டன. ஒரு சந்தையில் பேசப் பழகிய ஊர் அதோடு நிற்காது.

அக்டோபர் 29 அன்று இதே நாற்சந்தியில் வேறுவிதமான கூட்டம் நடந்தது. இம்முறை அரசையும் அழைத்தார்கள். துணைப் பிரதமர் நிலையில் இருந்த பாக் ஜொங்-யாங் உட்பட அமைச்சர்கள் வந்து அமர்ந்தார்கள். அதிகாரிகளும் மக்களும் சேர்ந்த கூட்டம் என்பதால் 'குவான்மின் கோங்தோங்ஹ்வே' என்று அழைத்தார்கள். தொடக்க உரையாற்ற மேடையேறியவர் பாக் சொங்-சுன்.

அவர் ஒரு கசாப்புக்காரர். பெக்ஜொங் வகுப்பில் பிறந்தவர். நம் மொழியில் சாதி என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு அந்த நிலையை விளக்க முடியாது. ஊருக்கு வெளியே தனிக் குடியிருப்பு. பெரியவர்கள் ஆனாலும் பிறர் வீட்டுச் சிறுவனுக்கும் பணிந்து பேச வேண்டும். வயதுவந்த ஆணின் அடையாளமான குதிரைமயிர்த் தொப்பியை அணியக் கூடாது. 1894-ன் சீர்திருத்தம் இந்த வேறுபாடுகளைச் சட்டத்தில் ஒழித்தது, தெருவில் ஒழியவில்லை. அவர்தான் அமைச்சர்களுக்கு முன்னால் நின்று பேசினார். நான் இந்த நாட்டின் மிகத் தாழ்ந்தவன், படிப்பறிவும் இல்லாதவன், ஆயினும் நாட்டுப்பற்று எதுவென்று ஓரளவு அறிவேன் என்று தொடங்கி, தலைக்கு மேல் கட்டியிருந்த துணிப்பந்தலையே காட்டி ஓர் உவமை சொன்னார்: ஒரே கழியை நட்டுத் தாங்கினால் இந்தப் பந்தலுக்கு வலு போதாது, பல கழிகள் சேர்ந்து தாங்கினால் அசையாது, அதிகாரிகளும் மக்களும் மனமொன்றினால்தான் நாடு நிற்கும்.

சுதந்திரத்துக்குக் கொரியர்கள் வழங்கும் 'தோங்னிப்' என்ற சொல்லின் நேர்ப்பொருள் தனித்து நிற்பது. நாடு தனித்து நிற்க வேண்டுமென்றால் அதற்குள் பலர் சேர்ந்து நிற்க வேண்டும் என்பதைச் சங்கத்தின் எந்த அறிஞரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதாக நான் படித்ததில்லை. பந்தல்கால் நட்டுப் பழகிய நமக்கு அந்த உவமை விளக்கமின்றியே புரிகிறது.

அன்றைய கூட்டம் ஆறு தீர்மானங்களை நிறைவேற்றியது. அயலாரைச் சாராமல் அதிகாரிகளும் மக்களும் ஒன்றுபட்டுப் பேரரசர் கோஜோங்கின் அதிகாரத்தை உறுதிப்படுத்த வேண்டும். சுரங்கம், ரயில், காடு, கடன், படையுதவி பற்றி வெளிநாடுகளோடு செய்யும் ஒப்பந்தங்களில் அமைச்சர்களும் ஆலோசனை மன்றத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் செல்லும். வரியும் செலவும் நிதி அமைச்சகம் ஒன்றின் கீழ் வந்து, வரவுசெலவுக் கணக்கு மக்களுக்கு வெளியிடப்பட வேண்டும். பெருங்குற்றங்களுக்கு விசாரணை வெளிப்படையாக நடக்க வேண்டும். உயர் பதவிகளுக்குப் பேரரசர் ஆள் நியமிக்கும்போது அமைச்சரவையில் பெரும்பான்மையின் கருத்தைக் கேட்க வேண்டும். ஏற்கனவே உள்ள சட்டங்கள் நடைமுறைக்கு வர வேண்டும். இவற்றில் எதுவும் அரியணையைக் கவிழ்ப்பது அல்ல. முதல் தீர்மானமே பேரரசரை வலுப்படுத்துவதைச் சொல்கிறது. ஆனால் கணக்கைக் காட்டு, கையெழுத்தைத் தனியாக இடாதே என்று கேட்பதில் இருக்கும் கூர்மையை அரண்மனையில் இருந்தவர்கள் சரியாகவே உணர்ந்தார்கள். கோஜோங் முதலில் இசைந்தார். ஆலோசனை மன்றத்தின் விதிகள் திருத்தப்பட்டன: 50 உறுப்பினர்கள், அவர்களில் 25 பேரைச் சங்கம் தேர்ந்தெடுக்கும். நாள் குறித்தார்கள். நவம்பர் 5.

இதை எழுதும்போது இரவு 11 மணி. 1898-ல் இதே நவம்பர் 4 இரவில், நகரத்தின் சில சுவர்களில் யாரோ சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான்காம் நாள், நவம்பர் 5

விடிந்ததிலிருந்து தூறல். குடையோடு தொக்சுகுங் அரண்மனைக்குப் போனேன்; அந்நாளில் அதன் பெயர் க்யொங்உன்குங்.

சுவரொட்டிகள் சொன்னது பச்சைப் பொய். சங்கம் முடியாட்சியை ஒழித்துக் குடியரசு அமைக்கப் போகிறது, பாக் ஜொங்-யாங் குடியரசுத் தலைவர், யுன் சி-ஹோ துணைத் தலைவர் என்று சங்கத்தின் பெயராலேயே அவற்றை ஒட்டவைத்தார்கள் ஜோ ப்யொங்-சிக் முதலான பழைமைவாத அமைச்சர்கள். பேரரசர் நம்பினார், அல்லது நம்ப விரும்பினார். விடிவதற்குள் யி சாங்-ஜே, நாம்குங் ஓக் உட்பட 17 தலைவர்கள் கைதானார்கள். சங்கத்தைக் கலைக்க ஆணை வந்தது. யுன் சி-ஹோ மட்டும் தப்பி, அப்பென்செல்லரின் வீட்டில் ஒளிந்துகொண்டார். வாக்குப் பெட்டிக்குப் பதிலாக விலங்கு வந்தது.

தலைவர்கள் இல்லாத அந்த ஆறு நாட்களில்தான் சங்கம் எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருந்தது என்பது வெளிப்பட்டது. காவல்துறை அலுவலகத்துக்கு முன்னால் மக்கள் கூடினார்கள், தங்களையும் சேர்த்துச் சிறையிலடைக்கச் சொன்னார்கள். குளிரிலும் இரவிலும் கலையவில்லை. கடைக்காரர்கள் கடைகளை அடைத்தார்கள். விறகும் சோறும் பணமும் கொண்டுவந்து கொடுத்தவர்கள் பலர். நவம்பர் 10 அன்று 17 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். மக்களோ வீட்டுக்குப் போகவில்லை. பொய்ச் சுவரொட்டி ஒட்டியவர்களைத் தண்டி, ஆறு தீர்மானங்களை நிறைவேற்று என்று கேட்டபடி இந்த அரண்மனை வாசலுக்கு வந்தார்கள்.

அந்த வாசல் இன்வாமுன், இப்போது இல்லை. நவம்பர் 21 அன்று, அரசின் ஆதரவோடு அமைத்த எதிர்ச்சங்கத்தின் பேரில் ஊர் ஊராகப் போகும் சுமை வியாபாரிகள் தடிகளோடு வந்து அங்கே கூடியிருந்தவர்களைத் தாக்கினார்கள். தொடர்ந்து நடந்த மோதலில் கிம் தொக்-கு என்ற செருப்புத் தைப்பவர் இறந்தார். டிசம்பர் 1 அன்று நகர மக்களே திரண்டு அவருக்கு இறுதி மரியாதை செய்தார்கள். அடித்தவர்களும் அடிபட்டவர்களும் ஏழைகளே என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. அதற்கு முன்பே, நவம்பர் 26 அன்று, கோஜோங் தாமே அரண்மனை வாயிலுக்கு வந்து மக்கள் பிரதிநிதிகளிடம் வாக்குறுதி தந்தார். அது நிற்கவில்லை. டிசம்பர் இறுதியில் படையைக் கொண்டு கூட்டத்தைக் கலைத்தார்கள், சங்கமும் முடிந்தது. அடுத்த ஆகஸ்டில் வந்த அரசியல் சட்டம் பேரரசரின் அதிகாரத்துக்கு எல்லையே இல்லை என்று அறிவித்தது. டிசம்பரில் பத்திரிகையும் நின்றது.

அரண்மனைக்குப் பின்புறம் ஜுங்ம்யொங்ஜொன் என்ற செங்கல் மாளிகை இருக்கிறது. மழையில் அதற்குள் நுழைந்தபோது நான் ஒருவன்தான் பார்வையாளன். 1905 நவம்பர் 17 அன்று கொரியாவின் வெளியுறவு அதிகாரத்தை ஜப்பானுக்கு ஒப்படைத்த உடன்படிக்கை இங்கேதான் திணிக்கப்பட்டது. இசைந்த ஐந்து அமைச்சர்களில் ஒருவர் யி வான்-யோங், சுதந்திர வாயிலுக்கு நன்கொடை திரட்டிய குழுவின் தலைவர், பின்பு சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். 1910-ல் நாட்டையே ஒப்படைத்த உடன்படிக்கையிலும் அவர் கையெழுத்து உண்டு. சங்கத்தைப் போற்றி எழுத வந்தவன் இதை மறைக்கக் கூடாது. சங்கம் ரஷ்யாவிடம் காட்டிய விழிப்பை ஜப்பானிடம் காட்டவில்லை. அதன் பத்திரிகை, ஜப்பானை எதிர்த்து ஆயுதம் ஏந்திய நாட்டுப்புறப் படையினரைக் கொள்ளையர் என்று எழுதியது. நகரத்துப் படித்தவர்களின் அந்தக் குருட்டுப் பார்வைக்கு விலை இருந்தது. ஆனால் அன்று தெருவில் நின்ற அரிசி வியாபாரியும் செருப்புத் தைப்பவரும் எந்த உடன்படிக்கையிலும் கையெழுத்திடவில்லை.

ஐந்தாம் நாள், நவம்பர் 6

காலையில் ஹான் ஆற்றைக் கடந்து தோங்ஜாக் தேசியக் கல்லறைக்குப் போய் சோ ஜே-பிலின் சமாதியைப் பார்த்தேன். அவர் 1951-ல் அமெரிக்காவில் இறந்தார். அஸ்தி 1994-ல்தான் தாய்நாட்டுக்கு வந்தது. அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

மாலையில் இன்சாதோங் கடைவீதியின் கூட்டத்துக்குள் புகுந்து ஒரு சந்தில் திரும்பினேன். ஸுங்தோங் தேவாலயம் அங்கே செங்கல் கட்டடமாக நிற்கிறது. பாக் சொங்-சுன் சேர்ந்த சபை இது. தொற்றுக் காய்ச்சலில் கிடந்த அவருக்கு, அரசருக்கு வைத்தியம் பார்த்த அதே கனடிய மருத்துவர் ஏவிசன் வந்து வைத்தியம் பார்த்தார். அதில் மனம் மாறி அவர் கிறித்தவர் ஆனார். கசாப்புக்காரரோடு ஒரே தரையில் அமர மாட்டோம் என்று உயர்குடியினர் சபையைவிட்டு வெளியேறினார்கள். தனி இடம் ஒதுக்கச் சபையின் பாதிரியார் மூர் மறுத்துவிட்டார். வெளியேறியவர்கள் சில ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்தார்கள். 1911-ல் பாக் சொங்-சுன் இந்தச் சபையின் மூப்பராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவருடைய மகன் பாக் சொ-யாங்கை ஏவிசன் மருத்துவம் படிக்க வைத்தார். 1908-ல் நாட்டிலேயே முறைப்படி மேலை மருத்துவப் பட்டம் பெற்ற முதல் ஏழு பேரில் அவரும் ஒருவர். சில ஆண்டுகள் கற்பித்துவிட்டு அவர் மஞ்சூரியாவில் கொரியர் குடியேறிய பகுதிக்குப் போய், மருத்துவமனையும் பள்ளியும் தொடங்கி, ஜப்பானை எதிர்த்துப் போரிட்ட விடுதலைப் படையினருக்கு வைத்தியம் பார்த்தார்.

நான் வாசலில் நின்றிருந்தபோது மாலை வழிபாட்டுக்கு வந்த மூதாட்டி ஒருவர் யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். பாக் சொங்-சுன் என்றேன். சிறிது நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, உள்ளே வாருங்கள் என்று கதவைத் திறந்துவிட்டார்.